யட்சி கேட்ட சுண்ணாம்பு

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து மூணாறுக்குப் போக வேண்டுமென்றால் கேரளத்தை விட்டு வெளியேறி, தமிழ்நாட்டைக் கடந்து, மறுபடியும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். கோபாலபுரம், பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர், மூணாறு. மேஜிக் பெட்டிகளோடு முப்பது வருடமாக இந்த வழியில் போய்வருகிறேன். 2022 அக்டோபர் கடைசி வாரத்தில் சின்னாறு சோதனைச் சாவடியில் காவலர் ஒருவர் வண்டியை நிறுத்திப் பெரிய பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலாக ஒரு பிளாஸ்டர் மண்டையோடு, ரேடியம் பூசிய கை எலும்பு, கறுப்புத் துணிச் சுருள்கள்.

“இது என்ன?”

“மேஜிக் சாமான் சார். மூணாறுல ஹாலோவீன் விழா.”

மண்டையோட்டை விரலால் தட்டிப் பார்த்தார். பிளாஸ்டர் என்று சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. “இந்த நேரத்துல இதையெல்லாம் தூக்கிட்டு அலையணுமா?” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த மாதம் 11ஆம் தேதிதான், பத்தனம்திட்டா மாவட்டம் இலந்தூரில் இரண்டு பெண்களை நரபலி என்ற பெயரில் கொன்று புதைத்த செய்தி வெளியே வந்திருந்தது. இருவரில் ஒருவர் தர்மபுரியிலிருந்து பிழைக்க வந்து கொச்சியில் லாட்டரிச் சீட்டு விற்றவர். கேரளத்தில் வேலை செய்யும் தமிழர் வீடுகளில் அந்த இரண்டு வாரம் இதைத் தவிர வேறு பேச்சில்லை. அந்த நேரத்தில் எலும்பையும் மண்டையோட்டையும் பெட்டியில் வைத்துக்கொண்டு மலையேறினேன்.

மூணாறிலிருந்து ஆனச்சால் போகும் வழியில் இருக்கும் ஒரு விடுதிதான் என்னை அழைத்திருந்தது. மேலாளர் செப்டம்பரிலேயே போன் செய்தார். “மாஷே, ஹாலோவீன் கார்னிவல். பெரியவங்களுக்கு மட்டும். நீங்க வந்து ஷோ நடத்த வேண்டாம், எங்க ஆளுங்க மூணு பேருக்குச் சொல்லிக் கொடுத்தா போதும். மேசை மேசையாப் போய் அவங்களே செய்யட்டும்.” கேரளத்தில் மேஜிக்காரனையும் வாத்தியாரையும் ஒரே மாதிரி ‘மாஷ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அனுப்பிய பட்டியலில் பேய்ச் சந்து, ரத்த பானம், சாவி, ஆவி பேசும் மேசை எல்லாம் இருந்தன. ஐந்தாவது வரியில் ‘நரபலி மேடை’. இலந்தூர்ச் செய்தியைப் படித்த அன்றே, அந்த வரியை எடுத்துவிடச் சொல்ல அவரை அழைத்தேன். நான் வாய் திறக்கும் முன்பே, “அஞ்சாவதை நானே அடிச்சாச்சு மாஷே” என்றார். அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது அப்போதுதான்.

ஹாலோவீன் நம் ஊர்ப் பண்டிகை இல்லை. ஆனால் மேஜிக்காரர்களுக்கு அக்டோபர் 31 எந்த ஊரிலும் தெரிந்த நாள். உலகப் புகழ்பெற்ற மேஜிக்காரர் ஹாரி ஹூடினி 1926இல் அந்தத் தேதியில்தான் டெட்ராய்ட்டில் இறந்தார். செத்த பிறகு பேச முடியுமானால் பேசுகிறேன் என்று மனைவி பெஸ்ஸிடம் சொல்லியிருந்தார். பெஸ்ஸும் பத்து ஆண்டு காத்திருந்தார். 1936 ஹாலோவீன் இரவில் ஹாலிவுட்டில் ஓர் ஓட்டலின் மொட்டைமாடியில் கடைசி முறையாக அழைத்துப் பார்த்துவிட்டு, போதும் என்று முடித்துக்கொண்டார். அதே காலத்தில் அமெரிக்கத் திரையரங்குகளில் நள்ளிரவுப் பேய்க் காட்சிகள் வரத் தொடங்கின. கொஞ்ச நேரம் மேஜிக், பிறகு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஒளிரும் மை பூசிய எலும்புகளைக் கழியில் கட்டிக் கூட்டத்தின் தலைக்குமேல் பறக்கவிடுவார்கள். நம் ஊரில் அந்த மையை ரேடியம் என்கிறோம். வயது வந்தவர்கள் காசு கொடுத்துப் பயப்பட வருவது புதிய பழக்கம் இல்லை.

பெரியவர்களுக்குச் செய்வது குழந்தைகளுக்குச் செய்வதைவிடச் சுலபம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். ஒரு வகையில் சரிதான். நாம் காட்டுகிற திசையில் பெரியவர்கள் மரியாதைக்காகவாவது பார்ப்பார்கள். குழந்தை தனக்குத் தோன்றிய இடத்தைப் பார்க்கும், வித்தை மாட்டிக்கொள்ளும். ஆனால் பயம் என்று வரும்போது பெரியவர்கள்தான் கடினம். சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், பிணத்தைத் தொட்டிருக்கிறார்கள். அந்த வேறுபாடு எனக்கே முழுதாக உறைத்தது, முதல் பயிற்சி நாளில் நான் செய்த தவறால்தான்.

பெட்டிகளோடு மலையேறியதற்குச் சில வாரம் முன்பே பயிற்சியைத் தொடங்கியிருந்தேன். முதல் நாள் மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். அடிமாலியைச் சேர்ந்த பார் பையன், விடுதியின் ஜீப் ஓட்டுநர், அறைகளைச் சுத்தம் செய்யும் ஒரு பெண். அந்தப் பெண் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள், தமிழ்ப் பெண். ஆரம்ப வித்தைகள் பற்றிய புத்தகம் எதை எடுத்தாலும் பேய் இரவுக்கென்று கட்டாயம் ஒன்று இருக்கும்: உயிரோடு இருப்பவர், இறந்தவர் என்ற சோதனை. ஒரு தாளை மூன்றாகக் கிழித்து, இரண்டில் உயிரோடு இருப்பவர் பெயரும் ஒன்றில் இறந்தவர் பெயரும் எழுதச் சொல்ல வேண்டும். மடித்துக் கலக்கிக் கொடுத்தாலும், எழுத்தைப் பார்க்காமலே இறந்தவர் பெயரை எடுத்துவிடலாம். சூட்சுமம் கிழிந்த ஓரத்தில் இருக்கிறது, விரல் நுனிக்குத் தெரிந்துவிடும். ஐந்து நிமிடத்தில் பழகலாம், கூட்டத்தை உலுக்கிவிடும். அதனால்தான் அதை முதலில் எடுத்தேன்.

அந்தப் பெண்ணை எழுதச் சொன்னேன். எழுதினாள், மடித்தாள். நான் ஒரு துண்டைப் பிடித்துக் கண்ணை மூடி, முப்பது வருடமாகச் சொல்லிவரும் வசனத்தைச் சொன்னேன்: “உங்களுக்கு ரொம்ப நெருக்கமானவங்க. போகக்கூடாத வயசுல போயிட்டாங்க.” கண்ணைத் திறந்தபோது அவள் நாற்காலியில் இல்லை. பார் பையன்தான் தணிந்த குரலில் சொன்னான், “மாஷே, அவளோட சித்தி வீடு பெட்டிமுடி.”

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். நான்கு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. அநேகமாக எல்லோரும் தமிழர்கள், பலர் ஒரே குடும்பத்தினர், உறவினர். மூணாறைச் சுற்றி எந்த விடுதிக்குப் போனாலும், படுக்கை விரிக்கிறவர், டீ கொண்டுவருகிறவர், காவலுக்கு நிற்கிறவர் என்று அந்த லயங்களோடு ஏதோ ஓர் உறவு உள்ளவர் ஒருவராவது இருப்பார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் தாளை நீட்டினேன்.

சமையற்கட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். “மன்னிச்சிரும்மா, இது எனக்குத் தோணியிருக்கணும்” என்றேன்.

“நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க மாஸ்டர்? பேரை எழுதுறப்பவே கை ஒரு மாதிரி ஆயிருச்சு. எழுதாம இருந்திருக்கலாம். எழுதச் சொன்னீங்க, எழுதிட்டேன்.”

அன்று மாலை ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் இடது பக்கத்தில் விருந்தாளி எப்படிப் பயப்படுவார் என்றும், வலது பக்கத்தில் அந்தப் பயத்திலிருந்து எப்படி வெளியே வருவார் என்றும் எழுதினேன். வலது பக்கம் காலியாக நின்ற ஐட்டங்களை எல்லாம் அடித்தேன். இறந்தவர் பெயர் போனது. ஆவி பேசும் மேசை போனது. பெயரை எழுதிவிட்ட கை எப்படித் திரும்பி வரும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதே கேள்வியோடு எங்கள் தொழிலில் ஒரு பழைய கதையைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1956 ஏப்ரல் 9. இந்திய மேஜிக்காரர் பி.சி. சர்க்கார் பிபிசி தொலைக்காட்சியின் பனோரமா நிகழ்ச்சியில், பதினேழு வயது உதவியாளரை மேசையில் படுக்கவைத்துச் சுழலும் ரம்பத்தால் இரண்டாக அறுத்தார். அறுத்து முடித்து அந்தப் பெண்ணை எழுப்பினார், எழவில்லை. கையைத் தேய்த்தார், அசைவில்லை. அந்த நொடியில் நிகழ்ச்சி நடத்துபவர் கேமராவுக்கு முன்னால் வந்து விடைபெற்றுக்கொண்டார், நிகழ்ச்சி முடிந்துவிட்டது. பெண் செத்துவிட்டாள் என்று நம்பியவர்கள் அழைத்த அழைப்பில் பிபிசியின் தொலைபேசி இணைப்புகள் திணறின. மறுநாள் பத்திரிகைகளில் சர்க்கார்தான், லண்டன் அரங்கில் டிக்கெட்டுகள் பறந்தன. எங்கள் தலைமுறை இதை மாபெரும் வெற்றியாகப் படித்தே வளர்ந்தது. சர்க்காரின் துணிச்சலை இன்றும் வணங்குகிறேன். ஆனால் அன்றிரவு தொலைபேசியை வைத்துவிட்டுத் தூங்காமல் கிடந்தவர்களைப் பற்றி, பெட்டிமுடிப் பெயருக்குப் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். அவர்களை உள்ளே அழைத்துப் போனவர் வெளியே விடவில்லை.

மூன்று பேருக்கு ஆளுக்கொரு வித்தை போதும் என்று முடிவு செய்தேன். புதியவருக்குப் பத்து வித்தை கொடுத்தால் பத்தையும் அரைகுறையாகச் செய்வார். ஒன்றைக் கொடுத்தால் நான்கு வாரத்தில் கை அதைச் சொந்தமாக்கிக்கொள்ளும். மலையாளத்தில் இதற்கு ‘கையடக்கம்’ என்று சொல்வார்கள். தமிழில் செப்படி வித்தை என்கிறோமே, அந்தச் செப்பையும் பந்தையும் வைத்தே வாழ்நாள் முழுக்கப் பெயர் வாங்கியவர் பாலக்காட்டுப் பக்கத்து வாழக்குன்னம் நீலகண்டன் நம்பூதிரி. கேரள மேஜிக்கின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். கையடக்கம் என்ற சொல்லை என் ஆசான் எனக்குச் சொல்லித் தந்ததே அவரைக் காட்டித்தான்.

ஓட்டுநருக்குச் சாவி. பாலக்காடு வலியங்காடியில் பழைய இரும்புக் கடை ஒன்றில் தேடியெடுத்த, ஒரு சாண் நீளப் பழங்காலக் கதவுச் சாவி. உள்ளங்கையில் வைத்தால் மெல்லத் தானே புரண்டு படுக்கும். நூல் இல்லை, காந்தம் இல்லை. சாவியின் பல் ஒரு பக்கம் கனம், மற்றதெல்லாம் கையின் சாய்வு. கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்வதற்குத்தான் நான்கு வாரம். வசனம் ஒன்றும் நான் எழுதித் தரவில்லை. 1993இல் ஃபாசில் எடுத்த ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தைப் பார்க்காத மலையாளி இல்லை, 2005இல் வந்த ‘சந்திரமுகி’யைப் பார்க்காத தமிழனும் இல்லை. பழைய சாவியைக் கண்டதும் பூட்டிக் கிடக்கும் அறை ஒன்று அவர்கள் மனதிலேயே திறந்துகொள்ளும். “இது எந்தக் கதவோடதுன்னு எனக்குத் தெரியாது” என்ற ஒரு வரி போதும். முடிந்ததும் சாவியை விருந்தாளியின் கையில் கொடுத்துவிட வேண்டும். வெறும் இரும்பு என்று அவரே தடவிப் பார்த்துக்கொள்வார். வலது பக்கத்தில் எழுதியிருந்தது அதுதான்.

பார் பையனுக்கு ரத்த பானம். முதலில் ரசாயனம் வேண்டாம் என்றேன். கத்தியில் ஒன்றும் பழத்தில் ஒன்றுமாக இரண்டு உப்புகளைத் தடவி, எலுமிச்சையை அறுத்தால் ரத்தம் வரச் செய்யும் முறை மந்திரவாதிகளிடம் உண்டு. கோயம்புத்தூர் போத்தனூரில் வாழ்ந்து 2009இல் மறைந்த பி. பிரேமானந்த், இப்படிப்பட்ட அற்புதங்களை ஊர் ஊராகச் செய்து காட்டி, உடனே அதன் கூட்டையும் சொல்லிக் கொடுத்தார். அவரால்தான் இந்த எல்லைப் பகுதியில் பலருக்கும் எலுமிச்சை ரத்தம் பழகிப்போனது. அந்த உப்புகள் வாய்க்குப் போகும் இடத்தில் இருக்கவே கூடாது. அதனால் சங்குப்பூ. பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நல்ல நீலம். எலுமிச்சைச் சாறு விழுந்ததும் ஊதாவாகி, சாறு கூடக் கூடச் சிவப்பை நெருங்கும். குடிக்கலாம். பையன் கண்ணாடிக் குவளையை மெழுகுவத்திக்குப் பின்னால் வைத்து, விருந்தாளியையே பிழியச் சொன்னான். நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டு அதைக் குடிக்கிறவர், குடிக்கும்போதே பயத்திலிருந்து வெளியே வந்துவிடுகிறார்.

மூன்றாவது, அந்தப் பெண்ணுக்கு. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

மேலாளர் கேட்டது அமெரிக்கச் சூனியக்காரி. கூம்புத் தொப்பியும் துடைப்பமும் வாங்கியும் வைத்திருந்தார். எனக்கு அது ஒட்டவில்லை. நான் கரும்பனைக்கு நடுவில் வளர்ந்தவன். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் இருட்டில் பனந்தோப்பைத் தனியாகக் கடக்க வேண்டியிருந்தால் யட்சி நினைவுக்கு வராத ஆள் கிடையாது. வெள்ளைப் புடவை, பிரித்துவிட்ட கூந்தல், பாலைப்பூ வாசம். வழியில் நின்று வெற்றிலை போடச் சுண்ணாம்பு கேட்பாள். கொடுத்தவன் வீடு திரும்ப மாட்டான், காலையில் பனைமரத்தடியில் பல்லும் நகமும் மட்டும் கிடக்கும் என்பது கதை. மலம்புழை அணைப் பூங்காவில் கானாயி குஞ்ஞிராமன் 1969இல் உருவாக்கிய பிரம்மாண்டமான யட்சி உட்கார்ந்திருக்கிறாள், கல்விச் சுற்றுலாவுக்கு அங்கே போகாத பாலக்காட்டுப் பிள்ளை இல்லை. இப்படி ஒருத்தி நம்மிடம் இருக்கும்போது கடன் வாங்கிய துடைப்பம் எதற்கு என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் திருச்சூர்க்காரர், உடனே பிடித்துக்கொண்டார்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு. இதைச் சொன்னதும் அந்தப் பெண் அந்த வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தாள். “இது ஆலம் சுத்துறதுதானே மாஸ்டர்!” ஆமாம். கல்யாண வாசலில் நம் பாட்டிமார் தட்டில் கரைத்துச் சுற்றுகிற அதே சிவப்புதான்.

மஞ்சளில் நனைத்துக் காயவைத்த துணியை அவள் கையில் ஏந்தி வருவாள். ஒரு மேசை முன்னால் நின்று, மலையாளத்தில், “இத்திரி சுண்ணாம்பு தருமோ?” என்று கேட்பாள். பித்தளைச் செப்பை நீட்டுவாள். விருந்தாளி அதில் மூன்று விரலை நனைத்துத் துணியில் வைத்தால், விரல் பட்ட இடமெல்லாம் ரத்தம் ஊறும். உண்மையான சுண்ணாம்பை நான் அனுமதிக்கவில்லை. விருந்தாளியின் கை அடுத்த நிமிடம் கண்ணைக் கசக்கும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதனால் செப்பில் இருந்தது துணி சோப்பைக் கரைத்த தண்ணீர். மஞ்சள் கறைமேல் சோப்பு பட்டால் சிவக்கும் என்பது துணி துவைத்த எல்லோருக்கும் தெரியும், ஆனால் பேய் இரவில் அது யாருக்கும் நினைவுக்கு வராது. சுண்ணாம்பு அளவுக்கு அடர்ந்த சிவப்பு வராது, விளக்கொளியில் போதும்.

இந்த வித்தையில் எனக்குப் பிடித்தது கடைசிப் பகுதிதான். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் சிவப்பு மறைந்து துணி மறுபடியும் மஞ்சளாகிவிடும். அதைச் செய்யப் பார் பையனைத்தான் முதலில் நினைத்திருந்தேன். அவள் கேட்டாள், “நானே செய்யுறேன் மாஸ்டர். யட்சியே துடைச்சிட்டுப் போகட்டும்.” அதற்கு மேல் நான் எதையும் மாற்றவில்லை.

பாலக்காடு என்றதும் மேலாளர் ஒடியனையும் கேட்டார். இருட்டில் எருதாகவும் நாயாகவும் உருமாறி வந்து ஆளை அடிப்பவன் என்ற கதை, 2018இல் மோகன்லால் படமாக வந்த பிறகு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மறுத்துவிட்டேன். ஒடியன் என்று எங்கள் ஊர்கள் விரல் நீட்டியது பெரும்பாலும் பறையர், பாணர் குடிகளில் பிறந்தவர்களைத்தான். அந்தப் பெயரால் அடி வாங்கியவர்களின் பேரன்மார் இன்றும் அதே ஊரில் இருக்கிறார்கள். யட்சியைப் போல அவனை நான் விளையாட்டுக்கு எடுக்க முடியாது. வாசலில் நட்டிருந்த தெர்மக்கோல் சிலுவைகளையும் எடுக்கச் சொன்னேன். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். மலைச்சரிவில் கொஞ்சம் கீழே இருக்கும் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் ஊர்க்காரர்கள் புல் வெட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள்.

பேய்ச் சந்துக்கு என் மனதில் இருந்தது தோல்பாவைக்கூத்து. பாலக்காட்டுப் பத்ரகாளி கோயில்களில் கூத்துமாடத்தின் நீண்ட வெள்ளைத் திரைக்குப் பின்னால் 21 விளக்கு வரிசையாக எரிய, புலவர்கள் இரவெல்லாம் கம்பராமாயணத்தைத் தமிழில் பாடிப் பாவையாட்டுவார்கள். தாருகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன காளிக்காக நடத்தும் கூத்து அது. எதிரில் ஒரே ஒரு ஆள்கூட இல்லாவிட்டாலும் விடியும்வரை நடக்கும். சிறுவயதில் தூக்கக் கண்ணோடு பார்த்திருக்கிறேன். புலவர் குங்கிலியப் பொடியைச் சுடர்மேல் எறிவார், திரை முழுக்க ஒரு கணம் பற்றியெரியும். என் வாழ்வில் நான் கண்ட முதல் மேஜிக் அதுதான்.

சந்தில் அதே கணக்கு. இரண்டு பக்கமும் வெள்ளைத் துணி, பின்னால் விளக்கு, விளக்குக்கு அருகே போகிற ஆளின் நிழல் பனைமர உயரம் வளரும். விளக்கு மட்டும் மின்விளக்கு. துணிக்கூடாரத்துக்குள் குங்கிலியமும் தீயும் கிடையாது. பர்மாங்கனேட்டும் கிளிசரினும் சேர்த்துத் தானே பற்றவைக்கும் பழைய வித்தையை ஓட்டுநர் எங்கோ பார்த்துவிட்டுக் கேட்டார். பாலக்காட்டு வெயிலில் சொன்ன நேரத்துக்குப் பற்றும். மூணாறுக் குளிரில் பற்றுமா என்று காத்திருந்து, பற்றாது என்று குனிந்து பார்க்கும்போது பற்றும். அதையும் விலக்கினேன்.

மேலாளருக்கும் எனக்கும் உண்மையான சண்டை வந்தது சந்தின் முடிவைப் பற்றித்தான். அவர் திட்டத்தில் சந்து ஒரு சுவரில் போய் முடியும். எல்லோரும் திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு பேய் வாசலை அடைத்துக்கொண்டு குதிக்கும். கூட்டம் அலறும் என்பதில் சந்தேகமில்லை. நான் முடியாது என்றேன். ஒரு பக்கம் நுழைவு, மறு பக்கம் வெளியே. திரும்பி வரவே கூடாது. ஒரு தடவைக்குப் பத்துப் பேர். நடுவில் இரண்டு இடத்தில் பக்கத் துணி கட்டாமல் தொங்க வேண்டும், கையால் தள்ளினால் புல்வெளி. இரண்டு வாயிலிலும் வேடம் போடாத ஆள் டார்ச்சோடு நிற்க வேண்டும். பேய் யாருடைய வழியையும் மறிக்கக் கூடாது. “சுவாரசியம் போயிடுமே மாஷே” என்றார். “அப்ப நான் கிளம்புறேன்” என்றேன். அரை மணி நேரம் பேசவில்லை. பிறகு தச்சரை வரச்சொன்னார்.

ஒத்திகையில் இன்னொரு பாடம் கிடைத்தது. சந்தின் கடைசியில் ஒரு கைக்குட்டை மேசையிலிருந்து தானாக எழுந்து நிற்க வேண்டும். கறுப்பு நூல்தான், கொழிஞ்சாம்பாறையில் நூறு தடவை செய்திருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை விட்டு மாலையில் மூடுபனி இறங்கியது. பத்து நிமிடத்தில் நூல் முழுக்க நீர்த்துளி கோத்து, விளக்கொளியில் சிலந்தி வலைபோல மின்னியது. உதவிக்கு வந்திருந்த என் மருமகன்தான் முதலில் பார்த்தான். “மாமா, நூல் முத்துமாலை மாதிரி தெரியுது.” வெட்டியெறிந்துவிட்டு அந்த இடத்தில் வெறும் நிழலை வைத்தோம். மலையில் திறந்தவெளியில் நூல் வேலை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதைப் புதியவர்களுக்கு அழுத்திச் சொல்வேன்.

29ஆம் தேதி சனிக்கிழமை இரவு நடந்தது. பார் திறப்பதற்கு முன்பே மேசை வித்தைகளை முடித்துவிட வேண்டும் என்பது நான் கேட்டு வாங்கிய நிபந்தனை. குடித்த கை சாவியைப் பிடுங்கும். ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் மூவரும் எல்லா மேசைக்கும் போய்வந்தார்கள். நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூரத்தில் நின்றேன். எங்கள் யட்சி ஒரு மேசையில் சுண்ணாம்பு கேட்டாள். மென்பொருள் வேலை பார்க்கும் ஆறு பேர், அதுவரை உரக்கப் பேசிக்கொண்டிருந்தவர்கள். ஒருவர் விரலை வைத்தார், துணி சிவந்தது, மேசை மொத்தமும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியது. அவள் அசையாமல் நின்றாள். எலுமிச்சையை எடுத்து, அவர் கண்ணைப் பார்த்தபடியே பிழிந்தாள். சிவப்பு கரைந்தது. அந்த ஆள் நெஞ்சில் கை வைத்துச் சிரித்த சிரிப்பு நான் நின்ற இடம்வரை கேட்டது. எத்தனையோ மேடைகளில் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அந்தச் சிரிப்பு வேறு.

மறுநாள் காலை சமையற்கட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மருமகன் போனை நீட்டினான். தென்கொரியத் தலைநகர் சியோலின் இட்டேவோன் பகுதி. அதே சனிக்கிழமை இரவு, ஹாலோவீன் கொண்டாட்டம். நான்கு மீட்டர்கூட அகலமில்லாத ஒரு சரிவான சந்தில் இரண்டு பக்கமிருந்தும் கூட்டம் நெருக்கி, நின்றபடியே மூச்சடைத்து மாண்டிருந்தார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள். கடைசிக் கணக்கில் 159 பேர். மேலாளரும் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எங்களிடம் வந்தார். எதுவும் பேசாமல் சந்தைப் பிரிக்கும் வேலையாட்களோடு போய் நின்று துணியை மடித்துக் கொடுத்தார்.

அந்த மூவரில் ஓட்டுநர் இப்போது வெளிநாட்டில் வேலை செய்கிறார். பார் பையன் சங்குப்பூவை இன்றும் விடவில்லை. அந்தப் பெண் அடுத்த வருடம் தானே இரண்டு பேருக்கு யட்சி வித்தையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். சோப்புத் தண்ணீரின் அளவைக் கேட்க மட்டும் எனக்குப் போன் செய்தாள்.

மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியார் பக்கத்து விடுதிகளில் அக்டோபர் வந்தால் இப்போது இளைஞர்கள் பலர் பேய் மேஜிக் செய்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சந்தின் இரண்டு பக்கத்தையும் திறந்து வையுங்கள். இறந்தவர் பெயரை எழுதச் சொல்லும் அந்த வித்தையை எந்த மேசையிலும் செய்யாதீர்கள். விருந்தாளி எழுதிய பெயரை எடுத்துவிடலாம், பின்னால் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பவர் மனதில் எந்தப் பெயர் வந்தது என்பது நமக்குத் தெரியாது.